மணப்பெண்ணை நிற்கவைக்கும் முன்

கல்யாணப் படம் எடுக்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு, மணப்பெண்ணைத் தனியாக எடுக்கும் படம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1. பாதத்திலிருந்து தொடங்குங்கள். உடல் எடையைப் பின்காலில் போடச் சொல்லுங்கள். முன்கால் முட்டி லேசாக மடங்கட்டும். இடுப்பு தானே சாயும், தோள் தளரும். பட்டுப்புடவைக்குள் கால் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள். கால் விறைத்தால் கழுத்துவரை விறைக்கும்.

2. உடல் சற்றுத் திரும்பியிருக்க, முகம் மட்டும் கேமராப் பக்கம் வரட்டும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். ஒட்டினால் புஜம் பருத்துத் தெரியும், ஒட்டியாணமும் மறையும்.

3. புறங்கை முழுவதும் கேமராவைப் பார்த்தால் கை பெரிதாகத் தோன்றும். சுண்டுவிரல் பக்கம் தெரியட்டும். விரல்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: வளையலை ஒதுக்குவது, ஜிமிக்கியைத் தொடுவது. மருதாணிக்கென்று தனிப் படம் எடுத்துவிடலாம்.

4. முகத்துக்கு 85 மி.மீ. லென்ஸ். 24 மி.மீ. மாட்டிக்கொண்டு கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடும்.

5. பிளாஷை நேராக அடிக்காதீர்கள், ஜரிகையும் கல்நகையும் வெளுத்துப்போகும். ஜன்னல் வெளிச்சம் இருந்தால் அதுவே போதும். விடியற்கால முகூர்த்தமென்றால் பிளாஷை வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்புங்கள்.

6. ஹோமப் புகை கண்ணைச் சிவக்க வைக்கும். கழுத்தில் பூமாலை விழுந்தால் நகை மறையும். இரண்டுக்கும் முன்பே இந்தப் படத்தை முடித்துவிடுங்கள்.

7. பெண்ணைத் தொட்டுத் திருத்தாதீர்கள். நெற்றிச்சுட்டி விலகினால் அவளுடைய அக்காவையோ அலங்காரம் செய்தவரையோ கூப்பிடுங்கள். "தாடையைச் சாய், தோளை இறக்கு" என்று கட்டளை போட்டால் அவள் குழம்புவாள். எதிரில் நின்று நீங்களே செய்து காட்டுங்கள். அவள் வலக்கையை உயர்த்த வேண்டுமானால் நீங்கள் இடக்கையை உயர்த்துங்கள். கண்ணாடியைப் பார்ப்பதுபோல அப்படியே செய்வாள். "சிரிம்மா" என்று கேட்டு வாங்கும் சிரிப்பு கண்ணுக்கு எட்டாது. தோழியைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசவிடுங்கள். அதற்கும் முன்னால், சாப்பிட்டாளா என்று கேளுங்கள். கனத்த பட்டும் நகையும் பூட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு நிற்கும் பெண்கள் நிறையப் பேர்.

8. "பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்க" என்று யாராவது காதில் சொல்வார்கள். செய்யாதீர்கள். பருவையோ, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமையையோ நீக்குங்கள், தவறில்லை. அவள் நிறத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம்; அந்த ஆல்பத்தைக் காலமெல்லாம் புரட்டப்போகிறவள் அவள்தான்.