யந்திர இருசு முறிவதேன்?

கிணற்றுப் பம்பின் இருசு, மிகையான பாரமின்றியே இறைப்பின் நடுவில் முறிந்து, பயிர் வாட நேர்வதுண்டு. பட்டையின் இழுப்பால் சற்றே வளைந்து சுழலும் இருசு, சுற்றுத்தோறும் இழுபட்டும் அழுத்தப்பட்டும் சோர்வடைகிறது. 1860-ஆம் ஆண்டுகளில் ஆகஸ்ட் வோலர் என்னும் ஜெர்மானியர் ரெயில் வண்டி இருசுகளைச் சோதித்து இவ்வுண்மையை விளக்கினார்.

வெடிப்பு பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தொடங்கும். கடைசல் வரியும் துருக்குழியும் அதற்கு வித்தாம். ஆகவே, நன்கு மெருகிட்ட இருசு நீடித்துழைக்கும். சிறு எஃகுக் குண்டுகளை வேகமாய் வீசி மேற்பரப்பை இறுகச் செய்தால், வெடிப்பு எளிதில் விரியாது. மோட்டார் வண்டி வில்களுக்கு இம்முறை கையாளப்படுகிறது. கடினமான குரோமிய முலாமோ, தேய்மானத்தைத் தடுப்பினும், சோர்வு தாங்கும் வலிமையைக் குறைத்துவிடும்.

ஆதலின், இருசைப் பழுதுபார்க்கக் கொடுப்போர் பளபளப்பை மட்டும் கண்டு திருப்தியுறாது, விட்டம் மாறும் மூலைகள் கூர்மையின்றி வளைவாயும் வழுவழுப்பாயும் இருத்தலைக் கவனித்து வாங்குவாராக. உதிரி இருசுக்கு எண்ணெய் பூசித் துருவேறாது காத்தலும் அவசியம்.