பழச் சாராயப் பாடம்

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஓர் உணவகத்தின் பாரில் எட்டு வருஷம் இருந்தேன். முதலில் கிளாஸ் கழுவினேன், அப்புறம் கலக்கிக் கொடுத்தேன். கலக்க ஆரம்பித்த முதல் மாசமே ஒரு அவமானம்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே ‘சொல்தா’ என்போம். அப்படி ஒரு சொல்தா தாத்தா, அல்சாஸிலிருந்து பேரன் கொண்டுவந்த பாட்டிலோடு சாப்பிட வந்தார். தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. லேபிளில் சின்னச் சின்ன மஞ்சள் பழங்கள்: மிரபெல், பிளம்ஸில் ஒரு வகை. “ஷ்நாப்ஸ் மாதிரிதான், ஊத்திக் குடு” என்றார் முதலாளி. என் அலமாரியில் ஷ்நாப்ஸ் என்று இருந்தது பீச் ஷ்நாப்ஸ் ஒன்றுதான். அதற்குச் செய்வதையே இதற்கும் செய்தேன். நீள கிளாஸ், நிறைய ஐஸ், 60 மில்லி, மேலே ஆரஞ்சு ஜூஸ். தாத்தா ஒரு வாய் வைத்தார், கிளாஸை என் பக்கமே தள்ளினார்.

“தம்பி, இது சாராயம். பழச் சாராயம். இதுல போயி ஜூஸ ஊத்துவாங்களா?”

சாராயக்கடை ஏலம் இன்னும் நடக்கிற ஊரில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஜெர்மன்காரர்கள் ஷ்நாப்ஸ் என்று சொல்வதும் கிட்டத்தட்ட நாம் சாராயம் என்று சொல்கிற தொனியில்தான். ஒரே மடக்கில் விழுங்குவது என்ற பொருளிலிருந்து வந்த பேச்சுவழக்குச் சொல். பழத்தை நசுக்கி, புளிக்க வைத்து, செம்புப் பானையில் காய்ச்சி இறக்குவார்கள். செர்ரி என்றால் கிர்ஷ், ஆப்பிளும் பேரிக்காயும் சேர்ந்தால் ஒப்ஸ்ட்லர். வீரியம் 40 சதவீத அளவில் இருக்கும். இனிப்பு நாக்கில் தட்டாது, பழம் மூக்கில்தான் தெரியும். பிளாக் ஃபாரஸ்ட் கேக்கின் ஜெர்மன் செய்முறையில் கிர்ஷ் உண்டு. நம் பேக்கரிகளில் பெரும்பாலும் சர்க்கரைப் பாகோடு முடித்துவிடுகிறார்கள், அது வேறு வருத்தம்.

நான் பழகிய பீச் ஷ்நாப்ஸ் இன்னொரு சாதி. வாசனையில்லாத ஸ்பிரிட், சர்க்கரை, பழ வாசனை, அவ்வளவுதான். வீரியம் 15லிருந்து 24 சதவீதம். டி கைப்பர் நிறுவனத்தின் பீச்ட்ரீ 1984இல் அமெரிக்காவில் வந்து பெரிய வெற்றி பெற்றது. அதில் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றியதுதான் ‘ஃபஸ்ஸி நேவல்’. பீச் பழத்தோலின் பூனைமுடிக்கு ஃபஸ், நேவல் ஆரஞ்சுக்கு நேவல். இந்தப் பெயரை விளக்கியே நிறைய டிப்ஸ் வாங்கியிருக்கிறேன்.

ஐரோப்பிய விதிப்படி லிக்யூர் என்று பெயர் வாங்க லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை வேண்டும். பீச் ஷ்நாப்ஸ் அந்த வகைதான். அதாவது 30 மில்லி ஊற்றினால் குறைந்தது 3 கிராம் சர்க்கரை. இது உறைத்த பிறகு அந்தப் பாட்டிலைச் சரக்கு வரிசையிலிருந்து எடுத்து, சர்க்கரைப் பாகு பக்கத்தில் வைத்தேன். என் கையே மாறிவிட்டது. வோட்கா அல்லது ஜின் 45 மில்லி, பீச் ஷ்நாப்ஸ் 15, எலுமிச்சைச் சாறு 20, இரண்டு விரலால் எடுத்த உப்பு. பாகு தனியாக வேண்டவே வேண்டாம். பத்து விநாடி குலுக்கி வடிகட்டி, மேலே கொஞ்சம் சோடா. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஐஸ் வெளியே இருந்தால் ஐந்து நிமிஷத்தில் ஈரமாகிவிடும், ஈர ஐஸ் பானத்தைத் தண்ணியாக்கும். ஷேக்கரில் போடும் கடைசி நொடியில்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

ஆரஞ்சு இல்லாத நாளில் சாத்துக்குடி பிழிந்தால் போச்சு என்று நினைத்தது இன்னொரு தப்பு. சாத்துக்குடியில் புளிப்பே கிடையாது. சர்க்கரைமேல் சர்க்கரை ஊற்றிய மாதிரி ஆகிவிடும். வேறு வழி இல்லையென்றால் ஒரு கிளாஸுக்கு அரை எலுமிச்சையாவது கூடப் பிழியுங்கள். பச்சை நிற ஆப்பிள் ஷ்நாப்ஸுக்கும் இதே கணக்குதான். பெப்பர்மின்ட் ஷ்நாப்ஸைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்குப் பல் தேய்க்கிற ஞாபகம்தான் வரும்.

இனிப்பு ஏறினால் வீரியம் தெரியாது. சனிக்கிழமை சென்னையிலிருந்து வருகிறவர்கள் ‘ஜூஸ் மாதிரிதானே இருக்கு’ என்று நாலாவது கிளாஸ் கேட்பார்கள், ஞாயிறு காலை ஈசிஆரில் வண்டி ஓட்ட வேண்டியவர்கள். மூன்றாவதோடு நிறுத்தி, தண்ணீரும் வறுத்த மீனும் கொண்டுபோய் வைப்பேன். திட்டு வாங்கியிருக்கிறேன்.

பாட்டில் ஷ்நாப்ஸின் செயற்கை வாசனை அலுத்துப்போய் வீட்டில் ஊறவைக்க ஆரம்பித்தேன். கோடை சீசனில் குபேர் மார்க்கெட்டுக்கு மலை பிளம்ஸ் வரும். கெட்டியாக, புளிப்பாக இருப்பதை அரைக் கிலோ வாங்கி, முள்கரண்டியால் குத்தி, கால் கிலோ சர்க்கரையும் 750 மில்லி வோட்காவும் சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் மூன்று வாரம். பழம் திரவத்துக்கு மேலே தலைகாட்டக் கூடாது, காட்டினால் பூசணம். இங்கே விற்கும் வோட்கா பெரும்பாலும் 42.8 சதவீதம். பழத்தின் தண்ணீரும் சர்க்கரையும் சேர்ந்து 25 பக்கம் இறக்கிவிடும், அதற்குக் கீழே போகவிடாதீர்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் மாணிக்க நிறம். மாம்பழத்தை இதே கணக்கில் போட்டு ஒரு முழு பாட்டிலைக் கூழாக்கினேன், வடிகட்டவே முடியவில்லை.

ஊறவைப்பதோடு நிற்க வேண்டும், காய்ச்சப் போகக் கூடாது. சட்டம் ஒரு பக்கம். பழம் புளிக்கும்போது அதிலுள்ள பெக்டினிலிருந்து மெத்தனாலும் உண்டாகும், அனுபவமுள்ள கை வேண்டும். தொழிற்சாலை மெத்தனால் சாராயமாகி வந்து என்ன செய்தது என்பதை, 2023 மே மாதம் பக்கத்திலேயே மரக்காணம் எக்கியார்குப்பத்துச் சாவுகளில் பார்த்தோம்.

இந்தியாவில் முறையாகக் காய்ச்சும் பழச் சாராயம் குடிக்க ஆசையென்றால் கோவாவின் முந்திரிப் பழ ஃபெனி இருக்கிறது, 2009இலேயே புவிசார் குறியீடு வாங்கியது. பண்ருட்டிப் பக்கம் சீசனில் போனால் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டிருப்பார்கள். அந்த வாசனையை முகரும்போதெல்லாம் தாத்தா ஞாபகம் வரும்.

அன்றைக்கு அவர் எழுந்து போய்விடவில்லை. இரண்டு சின்ன கிளாஸ் கேட்டார், ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வைக்கச் சொன்னார். சாப்பாடு முடிந்து காப்பியும் முடிந்த பிறகு, ஒவ்வொன்றிலும் 20 மில்லிதான் ஊற்றினார். ஒன்றை என் பக்கம் நகர்த்தி, “மொதல்ல மோந்து பாரு” என்றார். வேலை நேரத்தில் குடிக்கக் கூடாது. மோந்து மட்டும் பார்த்தேன். மற்றதையும் அவரே குடித்தார்.