எருக்குக்குப் பயம், சைகஸுக்கு ராஜமரியாதை

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்ததும் பலர் முதலில் செய்வது, காம்பவுண்டு ஓரம் முளைத்த எருக்கையும் ஊமத்தையையும் வேரோடு பிடுங்கி எறிவது. செய்யட்டும், இரண்டும் விஷம்தான். ஆனால் அதே வாரம் நர்சரிக்குப் போய், ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு சைகஸ் வாங்கிவந்து வாசலில் வைப்பார்கள். நாயைப் பொறுத்தவரை எருக்கைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும். தானாக முளைத்ததைச் சந்தேகப்படுகிறோம், காசு கொடுத்து வாங்கியதை நம்பிவிடுகிறோம்.

"நர்சரியில் விற்கிற அழகுச் செடி என்ன செய்துவிடும்?"

சாகோ பாம் என்றும் விற்கப்படும் சைகஸ், தென் ஜப்பானிலிருந்து வந்த செடி. பார்க்கப் பனை மாதிரி இருந்தாலும் பனை இனமில்லை. இலை, வேர், விதை எல்லாவற்றிலும் சைகாசின் என்ற நஞ்சு உண்டு. விதையில் மிக அதிகம். பெண் செடியின் நடுவே ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக விளையும் அந்த விதையை நாய் துப்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், விரும்பியே மெல்லும். ஒன்றிரண்டு விதையே உயிரைக் குடிக்கலாம். முதல் நாள் வாந்தி எடுக்கும். பிறகு கொஞ்சம் தேறிய மாதிரி தெரியும். வீட்டில் 'ஏதோ அஜீரணம்' என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகி, மலம் கறுத்துவிடும். கல்லீரல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் கொண்டுபோனால் மருத்துவருக்கும் பெரும்பாடு. தொட்டியை உயரத்தில் வைப்பது, சுற்றி வலை கட்டுவது எல்லாம் சமாளிப்பு. நாய் இருக்கிற வீட்டில் சைகஸ் வேண்டாம் என்பது என் கட்சி.

"இயற்கை உரம்தானே, கெடுதல் வராது"

விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தலைமுறையிடம் ஆமணக்கு விஷம் என்றால் சிரிப்பார்கள். எண்ணெயில் விஷம் இல்லை, உண்மை. விதையிலுள்ள ரைசின் எண்ணெயோடு போகாமல் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சக்கைதான் ரோஜாவுக்கு நாம் போடும் ஆமணக்குப் புண்ணாக்கு. போதுமான சூட்டில் பதப்படுத்தினால் ரைசின் அழியும். ஆனால் கையிலிருக்கும் பொட்டலத்தைப் பார்த்து அது பதப்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. கூடவே எலும்புத்தூளும் கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காலையில் தொட்டி கவிழ்ந்து, ரோஜாவின் வேர் வெளியே கிடக்கும். நாயின் மூக்கு நுனியில் ஈரமண் ஒட்டியிருக்கும். சேட்டை என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவோம். வாந்தியும் ரத்தபேதியும் பல மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். இப்படிப்பட்ட உரத்தைத் தின்று நாய்கள் செத்த சம்பவம் தென் கொரியாவில் பதிவாகியிருக்கிறது. மண்புழு உரம் போட்டாலும் ரோஜா பூக்கும்.

"கசப்பை நாய் தொடாது, அதற்கே தெரியும்"

அரளியை ஆடு மாடு மேயாது என்பதும் அதை நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் வைக்க ஒரு காரணம். அந்த ஜாக்கிரதையை நாயிடம் எதிர்பார்க்கக் கூடாது. பல் முளைக்கிற குட்டியும் பொழுதுபோகாத நாயும் பசிக்காகவா கடிக்கின்றன? அரளி காய்ந்தாலும் விஷம் குறையாது. கவாத்து செய்து குவித்த கிளை, சாமிக்குச் சாத்திக் கழற்றிக் கொல்லையில் போட்ட மாலை, இரண்டிலும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் நஞ்சு அப்படியே இருக்கும். மஞ்சள் அரளியின் விதையும் இதே ரகம். நம் மாநில மலரான செங்காந்தளில் பூவைவிட மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு மோசம்; தோண்டுவதுதான் நாய்க்குப் பிடித்த வேலை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

புல் தின்பதைக் காட்டி, 'நாய் தனக்கு மருந்து தேடிக்கொள்ளும்' என்பார்கள். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் இதைக் கேட்டார்கள். தின்பதற்கு முன் நாய்க்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. புல் தின்பது பெரும்பாலும் வெறும் பழக்கம்.

மணி பிளான்ட்டுக்கு மட்டும் அளவுக்கு மீறிக் கெட்ட பெயர். அதிலும் டிஃபன்பேக்கியாவிலும் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்த உடனே வாய் எரியும், எச்சில் வழியும். நாய் அடுத்த வாய் வைக்காது. வாயைக் கழுவிவிட்டுக் கொஞ்சம் தயிர் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொண்டை வீங்கி மூச்சு வாங்கினால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

"உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வை"

செடியைவிடச் சில சமயம் இந்த வைத்தியம் ஆபத்து. வாந்தி வராவிட்டால் உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்பு வரும். சோர்ந்து கிடக்கும் நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகலாம். பால் விஷத்தை முறிக்கும் என்பதும் சும்மா. வாந்தி எடுக்கவைக்க மருத்துவரிடம் ஊசி இருக்கிறது. தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் போனால்தான் அதற்குப் பலன் அதிகம். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் போன் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள். கடித்த செடியில் ஒரு கிளையை ஒடித்து பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப்போங்கள், உரமென்றால் பாக்கெட்டையே. 'ஏதோ பச்சையாக இருந்தது' என்று சொன்னால் அவர் எதை வைத்து வைத்தியம் பார்ப்பார்?

தோட்டத்தையே மொட்டையடிக்க வேண்டியதில்லை. செம்பருத்தி, மல்லிகை, ரோஜா, துளசி தாராளமாக இருக்கட்டும். வாசலுக்குப் பனை மாதிரி ஒன்று வேண்டுமென்றால் அரிக்கா பாம் வையுங்கள். சைகஸைவிட விலை குறைவு, நாய் கடித்தாலும் கிழிவது இலை மட்டும்தான்.