ஞாயிற்றுக்கிழமை மார்சேயில் இறங்கலாமா?

கப்பல் சுற்றுலாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க பிரான்சின் மார்சே துறைமுகத்தில் நிற்கிறோம். அன்று கடைகளெல்லாம் அடைத்திருக்குமாமே, கப்பலிலேயே இருந்துவிடலாமா?
– வாசகி, மல்லாங்கிணறு

தாராளமாக இறங்குங்கள் அம்மா! விருதுநகர்ப் பக்கம் ஞாயிறு என்றால் கறிக்கடையில் கூட்டம் நெரியும்; பிரான்சில் அன்று பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. ஆனால் மார்சேயில் பார்க்க வேண்டியவை திறந்தே இருக்கும்.

சுற்றுலாக் கப்பல்கள் நிற்கும் இடம் நகருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. கப்பல்காரர்கள் விடும் பேருந்திலோ டாக்சியிலோ பழைய துறைமுகத்துக்குப் போய்விடுங்கள். காலையில் அங்கே படகோரத்திலேயே மீன் விற்பார்கள்.

அங்கிருந்து 60-ஆம் எண் பேருந்து நோத்ர்-தாம் த லா கார்த் தேவாலயக் குன்றுக்கு ஏறும். கோபுர உச்சியில் 11 மீட்டர் உயர மாதா சிலை, தங்கத் தகட்டில் மின்னும். உள்ளே அண்ணாந்து பாருங்கள்: மாலுமிகளின் காணிக்கையாக வந்த குட்டிக் கப்பல்கள் வரிசையாகத் தொங்கும். புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகளின் கதையை வேளாங்கண்ணியில் கேட்டவர்களுக்கு அந்த நேர்த்திக்கடன் சட்டென்று பிடிபடும். ஞாயிறு காலை திருப்பலி நடக்கும்; மதியத்துக்கு மேல் போவதே வசதி.

2013-இல் திறந்த மூசெம் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை செவ்வாய்தான். அதை ஒட்டிய சான் ழான் கோட்டையைச் சுற்றிப் பார்க்கக் கட்டணமில்லை. ஏதாவது வாங்கியே ஆகவேண்டும் என்றால், கடலைப் பார்த்தபடி இருக்கும் 'தெராஸ் து போர்' மால் ஞாயிறும் உண்டு.

கப்பல் கிளம்பும் நேரத்தை அல்ல, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.