போட்டோவை வெட்டும் முன் ஒரு கணக்கு

அறிந்து கொள்வோம் பகுதி
எழுதியது: 9-ஆம் வகுப்பு மாணவி



போன மாசம் கணக்கு டீச்சர், "விகிதம்னு ஒரு பாடம் படிச்சீங்களே, அதை வீட்டுல எதுக்காவது பயன்படுத்தி இருக்கீங்களா?" என்று கேட்டார். இட்லிக்கு அரிசி உளுந்து, சிமெண்டு மணல் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் எழுந்து, "எங்க தாத்தா போட்டோவுக்குப் பயன்படுத்தினேன் டீச்சர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன செஞ்சேன்னு சுவர்ப் பத்திரிகையில எழுதிப் போடு" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

எங்க தாத்தா இந்தத் தை மாசம் இறந்துட்டார். அவருக்குப் போட்டோ என்றாலே பிடிக்காது. ஆதாருக்கு எடுத்ததை விட்டால், நல்லதா இருந்தது ஒரே ஒரு படம்தான். அத்தை மகள் கல்யாணத்தில் மாமா, அத்தையோட போனில் எடுத்தது. மூணு நாற்காலியில் பெரியத்தை, அப்பாயி, தாத்தா. தாத்தா காலுக்குப் பக்கத்தில் தரையில் என் தம்பி. மேலே பந்தல் துணி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட படம் வேணும். சித்தப்பா தன் வாட்ஸ்அப்பில் இருந்த படத்தை டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். தாத்தாவை மட்டும் தனியா எடுத்து, 12 × 18 அங்குலத்தில் பெரிசா பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்தார். தூரத்தில் இருந்து பார்த்தால் தாத்தாதான். ஆனா பொட்டு வைக்கக் கிட்டப் போன அப்பாயிக்கு முகம் கட்டம் கட்டமாத் தெரிந்தது. "கண்ணு எங்கடா இருக்கு இதுல?" என்று கேட்டது.

சித்தப்பா போனில் ஒரு ஏ.ஐ. ஆப்பில் போட்டுப் பார்த்தார். முகம் பளிச்சென்று வந்தது. ஆனா புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பைக் காணோம். யாரோ ஒரு தாத்தா மாதிரி இருந்தது. இல்லாத புள்ளியை அந்த ஆப் தானே ஊகிச்சு வரைகிறது. அதுக்கு எங்க தாத்தாவைத் தெரியாதே!

அப்பாயி தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்ள முழுப் படம் ஒண்ணு கேட்டது. அத்தை போனில் இருந்து 6 × 4-இல் போட்டோம். தெளிவாத்தான் வந்தது. ஆனா கீழே கொஞ்சம் காணோம். தம்பியோட மடிச்ச காலும், தாத்தாவோட பாதமும் போயிருந்தது. அப்பாயி ரொம்ப நேரம் பார்த்துட்டு, "பாதத்தை எதுக்குடா வெட்டுனீங்க?" என்றது. நாங்க யாருமே வெட்டலை. மிஷினே வெட்டிடுச்சு.

அது ஏன் என்று தேடிப் படித்தேன். கேட்கவேண்டிய கேள்வி ரெண்டே ரெண்டுதான். படத்தில் எத்தனை புள்ளி இருக்கு? படத்தின் வடிவமும் தாளின் வடிவமும் ஒண்ணா?

பாடம் 1: புள்ளியை எண்ணு

போனில் எடுக்கிற படம், கம்பளம் மாதிரி சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளிக்குப் பெயர் பிக்சல். அத்தை போன் படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தால் 4000 × 3000 என்று இருக்கும். அகலத்தில் 4000 புள்ளி, உயரத்தில் 3000 புள்ளி. பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம். இதைத்தான் 12 மெகாபிக்சல் என்கிறார்கள். (1 மெகா = 10 லட்சம்.)

தாளில் பிரிண்ட் போடும்போது ஒரு அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி வருது என்பதில்தான் தெளிவு இருக்கு.

300 புள்ளி வந்தால்: கையில் வைத்துப் பார்க்க மிக நல்ல தெளிவு.
200 வந்தால்: நல்லா இருக்கும்.
150 வந்தால்: சுவரில் மாட்டலாம்.
100-க்குக் கீழே போனால்: கிட்டப் போனால் கட்டம் தெரியும்.

கணக்கு ரொம்பச் சுலபம்.

புள்ளிகளின் எண்ணிக்கை ÷ அங்குலம் = ஒரு அங்குலத்துக்குப் புள்ளி

இப்போ தாத்தா படத்துக்கு வருவோம். சித்தப்பாவிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த படம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதில் இருந்தது 1600 × 1200 புள்ளி. பெருக்கினால் 19 லட்சத்து 20 ஆயிரம். அசலில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை!

அதிலும் தாத்தா இருந்த பகுதி மட்டும் 400 × 600 புள்ளி. அதை 12 × 18 அங்குலத்துக்கு இழுத்தால்,

400 ÷ 12 = 33
600 ÷ 18 = 33

ஒரு அங்குலத்துக்கு வெறும் 33 புள்ளி. ஒரு டம்ளர் பாலில் ஒரு குடம் தண்ணி ஊத்தின மாதிரி. கடைக்காரர் என்ன செய்வார்?

"அப்போ ஊர்ல ஃபிளெக்ஸ் பேனர் மட்டும் எப்படி நல்லா இருக்கு?" என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. பேனரில் அங்குலத்துக்குப் புள்ளி குறைவுதான். நாம் ரோட்டில் நின்று பார்ப்பதால் தெரிவதில்லை. கிட்டப் போய்ப் பாருங்க, புள்ளி புள்ளியாத் தெரியும். வீட்டுப் படத்துக்குத் தினமும் கிட்டப் போய்ப் பொட்டு வைக்கிறோமே!

இன்னொரு தப்பும் பலபேர் செய்கிறோம். கம்ப்யூட்டரில் 72 டி.பி.ஐ. என்று இருப்பதை 300 என்று மாற்றினால் படம் தெளிவாகிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. புள்ளி அதேதான். கதவில் எழுதின விலையை மாற்றினால் கடைக்குள் சரக்கு கூடுமா?

பாடம் 2: வடிவத்தைப் பார்

அத்தை போன் படத்தின் விகிதம் 4000 : 3000, அதாவது 4 : 3.
6 × 4 தாளின் விகிதம் 6 : 4, அதாவது 3 : 2.

ரெண்டும் வேற வேற வடிவம். தாள் முழுக்கப் படம் நிறையணும் என்றால் கொஞ்சம் வெட்டித்தான் ஆகணும். எவ்வளவு?

அகலம் 4000-ஐ அப்படியே வைத்தால், 3 : 2 ஆக உயரம் 4000 ÷ 3 × 2 = 2667.
இருக்கும் உயரம் 3000. வெட்டவேண்டியது 3000 − 2667 = 333 புள்ளி வரிசை. உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு.

மிஷினுக்குப் பந்தல் எது, பாதம் எது என்று தெரியாது. நாம் சொல்லாவிட்டால் மேலே பாதி, கீழே பாதி என்று சமமா வெட்டிடும். மேலே 166 வரிசை பந்தல் துணி போனது. கீழே 166 வரிசை தாத்தாவின் பாதம் போனது. இதுதான் அப்பாயி கேட்ட கேள்விக்கு விடை.

கடைகளில் வழக்கமா இருக்கும் அளவுகளுக்கு நானே கணக்குப் போட்டு எழுதியிருக்கிறேன். (ரெண்டாவது எண், 300 தெளிவுக்கு வேண்டிய புள்ளி. மூணாவது, 4000 × 3000 படத்தில் வெட்டுப்படுவது.)

6 × 4 : 1800 × 1200 : உயரத்தில் 333
7 × 5 : 2100 × 1500 : உயரத்தில் 143
10 × 8 : 3000 × 2400 : அகலத்தில் 250
12 × 8 : 3600 × 2400 : உயரத்தில் 333
18 × 12 : 5400 × 3600 : உயரத்தில் 333 (இங்கே 300 வராது. 4000 ÷ 18 = 222 தான். சுவருக்கு அது போதும்.)
பாஸ்போர்ட் அளவு (35 × 45 மி.மீ.) : 413 × 531. ஒரு 6 × 4 தாளில் 8 படம் அடங்கும்.

எதையும் வெட்டவே கூடாது என்றால் அதுக்கும் வழி உண்டு. "படம் முழுசா வரணும், வெள்ளை ஓரம் வந்தா பரவாயில்லை" என்று கடையில் சொல்லுங்கள். 4 அங்குல உயரத்துக்குப் படத்தின் அகலம் 5.33 அங்குலம் வரும். ரெண்டு பக்கமும் அங்குலத்தில் மூணில் ஒரு பங்கு வெள்ளையா இருக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?

தாளுக்கு ஏன் இந்த 3 : 2 வடிவம் வந்தது? ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னக் என்பவர், சினிமா ஃபிலிமைப் போட்டு எடுக்கிற ஒரு சின்னக் கேமராவைச் செய்தார். சினிமா ஃபிலிமில் ஒரு படம் 18 × 24 மி.மீ. அவர் ரெண்டு படத்துக்கான இடத்தைச் சேர்த்து ஒரே படமாக்கினார். 18 + 18 = 36. ஆக 24 × 36 மி.மீ. அதாவது 2 : 3. அந்த லைக்கா கேமரா 1925-இல் விற்பனைக்கு வந்தது. ஃபிலிம் கேமராக்கள் பெரும்பாலும் இந்த அளவையே பிடித்துக்கொண்டன. 6 × 4 தாளுக்கும் அதே வடிவம். பழைய டி.வி., கம்ப்யூட்டர் திரை (640 × 480) எல்லாம் 4 : 3. போன் கேமரா அந்த வடிவத்தில் எடுக்குது. அதனால்தான் போன் படமும் தாளும் சண்டை போடுது.

நான் செய்தது

முதலில் அத்தையிடம் அசல் படத்தைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் படமா அனுப்பாமல் "டாகுமென்ட்" ஆக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் புள்ளி குறையாது. (2023-இல் எச்.டி. என்று ஒரு வசதி வந்தது. அதிலும் கொஞ்சம் சுருங்கும்.)

பிறகு டீச்சரிடம் அனுமதி கேட்டு நம் பள்ளிக் கம்ப்யூட்டரில் பெயின்ட்டில் திறந்தேன். முதல் வேலையா ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். அசலை எப்பவும் வெட்டக்கூடாது. வெட்டிச் சேமித்துவிட்டால் போனது போனதுதான்.

பெயின்ட்டில் கட்டம் போட்டு இழுக்கும்போது கீழே அதன் புள்ளி அளவு தெரியும். தாத்தாவைச் சுற்றி இழுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாயியின் தோள் உள்ளே வந்தது. மாலை போடும் படத்தில் உயிரோடு இருப்பவர் வரக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். அதனால் கட்டத்தை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். கடைசியில் 1000 × 1400 புள்ளி கிடைத்தது.

12 × 18 போட்டால் 1000 ÷ 12 = 83. அசலில் இருந்து எடுத்தும் போதவில்லை!
5 × 7 போட்டால் 1000 ÷ 5 = 200. 1400 ÷ 7 = 200. ரெண்டு பக்கமும் சரி!

"இவ்வளவு சின்னதாவா மாட்டுறது?" என்று சித்தப்பா கேட்டார். ஏற்கெனவே வாங்கின பெரிய சட்டம் வீணாகுமே என்று அவருக்கு வருத்தம். அதே சட்டத்தில் நடுவில் 5 × 7 படத்தை வைத்து, சுற்றிலும் வெள்ளை அட்டை கொடுத்தோம். இப்போ பார்த்தால் சின்னதா இருக்கு, ஆனா புருவத் தழும்புகூடத் தெரியுது.

6 × 4-க்கு 333 வரிசையையும் மேலேயே வெட்டினேன். பந்தல் துணி மட்டும் போச்சு. கடையில் பிரிண்ட் போடும்போது ஓரத்தில் ஒரு நூல் அளவு இன்னும் போகும் என்றார்கள். நல்லவேளை, பாதத்துக்குக் கீழே கொஞ்சம் தரை இருந்தது. நீங்களும் முக்கியமானதை ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள்.

போனிலேயே செய்ய

படத்தைத் திறந்து, "எடிட்", பிறகு "கிராப்" அழுத்துங்கள். பல போன்களில் 1:1, 4:3, 3:2, 16:9 என்று விகிதம் வரும். 6 × 4-க்கும் 12 × 8-க்கும் 3:2 எடுங்கள். கட்டத்தை நகர்த்தி, எது போகணும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். "நகலாகச் சேமி" என்பதை அழுத்துங்கள்.

செய்து பாருங்கள்

நம் வகுப்புக் குரூப் போட்டோவை ஒருவர் 16 : 9-இல் எடுத்தார். அளவு 4000 × 2250. அதை 6 × 4-இல் போட்டால் எது வெட்டுப்படும், எவ்வளவு?

விடை: உயரம் 2250-க்கு அகலம் 2250 ÷ 2 × 3 = 3375. அகலத்தில் 625 புள்ளி போகும். ஒரு பக்கத்துக்கு 312. வரிசையின் ரெண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் போட்டோவில் இருக்க மாட்டார்கள்! குரூப் போட்டோ எடுப்பவர்கள் ரெண்டு பக்கமும் இடம் விட்டு எடுங்கள்.

கடைசியாக ஒன்று

வெட்டுவது தப்பில்லை. யார் வெட்டுவது என்பதுதான் கேள்வி. நாம் கணக்குப் போடாவிட்டால் மிஷின் போடும். அதுக்கு நம் வீட்டு ஆளைத் தெரியாது.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் எடுக்காத புள்ளியைக் கொண்டுவர முடியாது. தாத்தாவை ஒரு தடவை கிட்டப் போய்த் தனியா எடுத்திருந்தால் 12 × 18-க்கே போதுமான புள்ளி இருந்திருக்கும். நாங்க எடுக்கலை. அதனால் இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், உங்க தாத்தாவையோ பாட்டியையோ வெளிச்சத்தில் உட்கார வைத்து, கிட்டப் போய் ஒரு படம் எடுங்கள். அசலைப் பத்திரமா வையுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். என் அப்பாயியும் அப்படித்தான் சொன்னது. நான் எடுத்துட்டேன்.