உயிரணு பின்னும் உறை

பினாங்கில் ரொட்டி பெங்காளியைச் சுவைக்காதவர் அரிது. அதன் மாவைப் பொங்கச் செய்வது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். நம் உடம்பின் உயிரணுக்கள் தம் பழுதடைந்த பாகங்களை எவ்வாறு மீண்டும் பயன்படுத்துகின்றன என்ற இரகசியம் வெளிப்பட்டதும் இந்த ஈஸ்டின் மூலமே என்றால் வியப்பல்லவா?

உயிரணுவுக்குள் பழையவற்றைக் கரைப்பதற்கு லைசோசோம் என்னும் பை உண்டு. அதைக் கண்டறிந்த பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்தியான் தெ தூவ், 1963இல் இச்செயலுக்கு 'ஆட்டோஃபேஜி' என்று பெயரிட்டார். தன்னைத் தானே உண்ணுதல் என்பது அதன் பொருள்.

கரைக்கும் பொருள்கள் எங்கும் பரவினால் நல்லதும் சேர்ந்து அழியுமன்றோ? ஆகவே, கழிவை முதலில் ஓர் உறையிலிட வேண்டும். அவ்வுறை தேவை நேரும்போதே புதிதாக உண்டாகிறது. நுண்பைகள் சில கூடிச் சிறு சவ்வாகின்றன. ஏடிஜி-2 என்ற புரதம் பாலம் போல் நின்று, அண்டையிலுள்ள சவ்வு வலையிலிருந்து கொழுப்பு மூலக்கூறுகளை அதற்குக் கடத்துகிறது. இது 2019இல் வெளியான ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. சவ்வு வளர்ந்து கிண்ணம் போல் வளைகிறது. கழிவைச் சூழ்ந்து வாய் மூடி, இரட்டைச் சவ்வுப் பையாகிறது. அதன் வெளிச்சவ்வு லைசோசோமுடன் இணைகிறது. உட்சவ்வும் உள்ளிருப்பதும் கரைகின்றன. கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டு உயிரணு புதிய புரதங்களைக் கட்டுகிறது.

ஈஸ்டில் லைசோசோமின் வேலையைச் செய்வது ஒரு பெரிய பை. 1988இல் ஜப்பானியப் பேராசிரியர் யோஷினோரி ஓசுமி, கரைக்கும் புரதங்கள் குறைந்த ஈஸ்டைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் அப்பை கரையாத சிறு பைகளால் நிரம்பிற்று. பின்னர், இதற்கு வேண்டிய 15 மரபணுக்களையும் கண்டறிந்தார். 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

அன்பர்களே! நோன்பு நோயைத் தீர்க்கும் என்பதற்கு இந்த நோபல் பரிசே சான்று என்று சிலர் செய்தி பரப்புகின்றனர். சோதனை நடந்தது ஈஸ்டில். மனிதன் எத்தனை மணி நேரம் பசித்திருந்தால் எந்த நோய் தீரும் என்று அது கூறவில்லை. நோன்பு இறைவனுக்காக நோற்பது. பரிசின் சான்று அதற்கு வேண்டியதில்லை. நோயாளிகளுக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இத்தகைய செய்தியை நம்பி, மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது.