“எங்க ஸ்கூல்ல அப்படி யாரும் இல்ல சார்”

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் திருநர் மாணவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆசிரியர்களிடமிருந்து முதலில் வரும் பதில் இதுதான். வெறுப்பில் சொல்வதில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள்.

விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுக்கணக்காக மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. மழையை நம்ப முடியாத கரிசல் காட்டில் படிப்பை நம்பிப் பிள்ளைகளை வளர்த்ததன் பலன் அது. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை மட்டுமே எண்ணும். எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ வராமல் நின்றுபோன பிள்ளைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. நூற்பாலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போயிருக்கலாம். மதுரைக்கு பஸ் ஏறியிருக்கலாம். இன்னொரு பிள்ளை கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாமல் ‘மற்றவர்’ எனப் பதிவானவர்கள் நாடு முழுவதும் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364. நாட்டின் எழுத்தறிவு 74 சதவீதம், இவர்களுடையது 56. பயமும் கூச்சமும் தாண்டிப் பதிவு செய்தவர்களின் கணக்கு மட்டுமே இது.

நம்பிக்கை: “படிப்பு ஏறல, நின்னுட்டான்.”

உண்மை: பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த கிரேஸ் பானு தன் பள்ளி நாள்களைப் பற்றிப் பல மேடைகளில் பேசியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் வந்த பிறகு வர வேண்டும், அவர்கள் கிளம்பும் முன் போய்விட வேண்டும், யாரோடும் பழகக் கூடாது. இந்த நிபந்தனைகளோடுதான் அவரைப் படிக்க விட்டார்கள். தலித் மாணவியாகவும் திருநங்கையாகவும் இரட்டை ஒதுக்கலைத் தாங்கிய அவர்தான் 2014-ல் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை ஆனார். அவருக்குப் படிப்பு ஏறாமல் இல்லை. பள்ளிதான் அவரை உள்ளே விடவில்லை.

வகுப்பறைக்குள் தினமும் நடப்பது ஆசிரியர் காதில் விழாமல் போவதில்லை. ‘ஒன்பது’ என்ற எண்ணைச் சொன்னாலே பிள்ளைகள் திரும்பி ஒரு மாணவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நடையை, குரலைப் பழித்துக் காட்டுகிறார்கள். ஆசிரியரும் லேசாகச் சிரித்துவிட்டால் அன்றோடு அந்தப் பிள்ளைக்கு அங்கே யாரும் இல்லை. “விளையாட்டுக்குச் சொல்றாங்க” என்று விட்டுவிடுவதும் அதே அளவு கொடுமை. முதல்முறை காதில் விழும்போதே பாடத்தை நிறுத்தி, “இந்த வகுப்பில் இது கூடாது” என்று சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

அடுத்தது கழிப்பறை. ஆண்கள் பக்கம் போனால் அடி, பெண்கள் பக்கம் போனால் புகார். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. நம் ஊர் சித்திரை வெயிலில் அது உடம்பை என்ன செய்யும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புதுக் கட்டடம் கட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கெனப் பல பள்ளிகளில் தனிக் கழிப்பறை இருக்கிறது, பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து, தண்ணீர் வைத்து, தேவைப்படும் எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமல் போகலாம் என்று அறிவித்தால் போதும். இறைவணக்கக் கூட்டத்தில் பையன்கள் ஒரு வரிசை, பெண் பிள்ளைகள் ஒரு வரிசை என்று பிரிக்காமல் வகுப்புவாரியாக, உயரவாரியாக நிறுத்தலாம். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

நம்பிக்கை: “இது வெளிநாட்டுச் சரக்கு.”

உண்மை: தொல்காப்பியம் திருநரை உயர்திணையில் வைத்து இலக்கணம் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் பேடிக்கூத்தும் ஒன்று. திருநங்கைகள் கூடும் கூவாகம் நம் மண்ணின் திருவிழா. திருநங்கைகளுக்கு நாட்டிலேயே முதன்முதலாக 2008-ல் நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு.

நம்பிக்கை: “கோடாங்கியிடமோ டாக்டரிடமோ காட்டினால் சரியாகிவிடும்.”

உண்மை: திருநராக இருப்பது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022-ல் நடைமுறைக்கு வந்தபோது மனநோய்ப் பட்டியலிலிருந்து இது எடுக்கப்பட்டது. ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிப் போன இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ ‘மாற்ற’ முயலும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என அறிவித்தது. விபூதி, வேப்பிலை அடி, ஊசி எதுவும் வேண்டாம். வீட்டில் அடி விழும் என்று தெரிந்தும் “பெற்றோரிடம் உடனே சொல்வது என் கடமை” என்று பதறிச் சொல்லிவிடும் ஆசிரியர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். யாரிடம், எப்போது சொல்வது என்று முதலில் அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்.

நம்பிக்கை: “மேலேருந்து உத்தரவு வரட்டும், பார்ப்போம்.”

உண்மை: உத்தரவு வந்து வெகுநாளாயிற்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் திருநர் மாணவர்களுக்குப் பாகுபாடின்றிக் கல்வி தர வேண்டும், விளையாட்டிலும் சம வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு. கபடி அணியும் அதில் அடக்கம், பி.டி. ஆசிரியர்கள் கவனிக்க. முன்சொன்ன 2021 தீர்ப்பே பள்ளிகளுக்கும் வழி காட்டுகிறது: பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், பாலின வேறுபாடற்ற கழிப்பறை வையுங்கள், விண்ணப்பத்தில் பாலினத்துக்கு மூன்றாவது கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள், சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி செய்யுங்கள் என்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச இட ஒதுக்கீட்டிலும் திருநர் குழந்தைகள் சிறப்புப் பிரிவினர்.

தலைமை ஆசிரியர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். கல்வி உதவி எண் 14417-ஐயும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள்.